சாய்ந்துகொள்ள ஒரு தோள்

அழுகை வந்தால் மேனகா கவிப்பிரியாவின் தோளைத்தான் தேடி வருவாள். அந்தக் கண்ணீர் சீருடைத் துணியை நனைத்துத் தோலைத் தொடும்போது, கவிப்பிரியாவுக்குள் ஒரு நிறைவு மெல்லப் பரவும். பசித்தவள் முன்னால் இலை போட்டதுபோல இருக்கும். அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசித்ததில்லை. அது தனக்கு வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பதினாறு வயதுவரை யாரும் அவளிடம் எதற்காகவும் வந்ததில்லை. கம்பைநல்லூரில் உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு அண்ணன் ஒருவன்தான் கண்ணுக்குத் தெரிவான். அரூர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் அவள் முதல் பெஞ்சும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. குரூப் போட்டோ எடுத்தால் யாருடைய தோளாவது அவள் முகத்தில் பாதியை மறைத்திருக்கும். ரொம்ப அமைதியான பிள்ளை என்று டீச்சர்கள் சொன்னார்கள்.

மேனகா சித்தேரி மலையில் நொச்சிவளவு என்ற சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த ஊரில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். வந்த முதல் வாரத்திலேயே வகுப்பு வாட்ஸப் குழுவில் அவளுக்கு 'மலைக்கரடி' என்று பெயர் விழுந்தது. அவள் பேசுகிற மாதிரி பேசி ஆடியோ போட்டார்கள். அவள் கொண்டுவந்த சாமைச்சோற்றைப் படம் பிடித்து, "கரடிக்கு லஞ்ச் டைம்" என்று எழுதினார்கள். பக்கத்தில் உட்கார யாரும் இடம் கொடுக்கவில்லை. கவிப்பிரியாவுக்குப் பக்கத்து இடம் எப்போதுமே காலியாகத்தான் இருந்தது. மேனகா அங்கே வந்து உட்கார்ந்து அழுதாள்.

"நான் இருக்கேன்டி உனக்கு" என்றாள் கவிப்பிரியா. தன் வாயிலிருந்து இவ்வளவு அழகான ஒரு வாக்கியம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மற்றவர்களுக்குக் கரடி அலுத்துப்போனது. மேனகா வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கினாள். வேதியியல் எடுத்த சுகுணா மிஸ் அவளை எழுப்பி நிற்கவைத்து எல்லாரையும் கை தட்டச் சொன்னாள். கபடி டீமில் இருந்த பாரதி, "ஏய், எனக்கும் அந்தச் சமன்பாடு எழுதறத சொல்லிக் குடுடி, இல்லன்னா நான் பெயிலு" என்று இவர்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டாள். மேனகா அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். கவிப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள் அவள் தோள் நனையவில்லை.

இருபதாம் நாள், அப்பா கடைக்காக வாங்கி எங்கேயோ போட்டுவைத்திருந்த சிம் ஒன்றைத் தன் போனில் செருகி, 'குசுகுசு லெவன்த் பி' என்று இன்ஸ்டாவில் ஒரு பக்கம் தொடங்கினாள். முதல் பதிவு ஒரு வாக்கெடுப்பு. "மேனகா இன்னைக்குக் குளிச்சாளா?" மாலைக்குள் அறுபத்தொரு பேர் வாக்களித்தார்கள். கவிப்பிரியா தன் சொந்தப் பெயரில் போய் அதன் அடியில் 'ஆமாம்' என்று கமெண்ட் எழுதிவிட்டு வந்தாள். மறுநாள் மேனகா அவள் பெயரை அதில் பார்த்து, "நீ ஒருத்திதான்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி இப்படிப் பண்றாங்க?"

"தெரியல. எவளோ பொறாமை புடிச்சவ. நீ அதெல்லாம் பாக்காத. பாத்தாலும் மனசுல வச்சிக்காத, எங்கிட்ட வந்து சொல்லிடு."

கவிப்பிரியாவுக்கு மேனகாமேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. வயலுக்கு மடை திருப்புகிறவர் காய்கிறதா என்று பார்த்துத்தானே திருப்புவார். அவளும் அப்படித்தான் அளவு பார்த்து நடந்துகொண்டாள். மேனகா சிரிக்க ஆரம்பித்தால் ஒரு பதிவு வரும். அழுது ஓய்ந்தால் ஒரு வாரம் விடுமுறை. ஆயுத பூஜை விடுமுறையில் மேனகா அவளை நொச்சிவளவுக்கே கூட்டிக்கொண்டு போனாள். மேனகாவின் அப்பா காளியன் அவளுக்கென்று தேன் எடுத்துவந்து கொடுத்தார்.

ஊருக்கு மேலே ஒரு பாறை இருந்தது. டவர் எதுவும் இல்லாத அந்த மலையில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அதற்கு டவர்ப் பாறை என்று பெயர். சாயங்காலமானால் ஊரே அங்கே கூடும். குடகில் மிளகு பறிக்கப் போனவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் எல்லாரும் குரல் செய்திதான் அனுப்புவார்கள். வந்த செய்தியைச் சத்தமாக வைத்து எல்லாரும் கேட்பார்கள். யாராவது போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கினால் அது சாவுச் செய்தி என்று அர்த்தம். நல்ல செய்தியை யாரும் தனியாகக் கேட்கமாட்டார்கள். கவிப்பிரியா அங்கே உட்கார்ந்து, யாரோ ஒருவரின் மகனுக்குக் காய்ச்சல் விட்ட சேதியை ஊரோடு சேர்ந்து கேட்டாள்.

கார்த்திகை மாத மழையில் ஒருநாள் காளியன் மகளைப் பார்க்க விடுதிக்கு வந்தார். முழங்கால்வரை சேறு, தலையில் துண்டு, தோளில் சாமை மூட்டை. வாசலில் மேனகாவோடு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். "யாருடி அது?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று சாயங்காலம் மேனகாவிடமிருந்து கவிப்பிரியாவுக்கு நாற்பத்திரண்டு நொடிக் குரல் செய்தி வந்தது. முழுக்க விசும்பல்.

"எங்கப்பாவ அப்பான்னு சொல்ல எனக்கு வாயி வரலடி. எங்க ஊர்ல மாடு மேய்க்கறவரு, மூட்ட குடுத்துட்டுப் போக வந்தாருன்னு சொல்லிட்டேன். அவரு கேட்டுக்கு அந்தாண்ட நின்னு என்னயப் பாத்துச் சிரிச்சிட்டு இருக்காருடி. நான் திரும்பிப் பாக்காமயே உள்ள வந்துட்டேன்."

கவிப்பிரியா அதை நான்கைந்து முறை கேட்டாள். "இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான், அழாதடி" என்று பதில் அனுப்பினாள். பிறகு அதைத் தனியாக எடுத்துச் சேமித்துவைத்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

பொங்கல் விடுமுறை தொடங்கிய அன்று பாரதி ஒரு ஸ்டேட்டஸ் வைத்தாள். தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழும் தண்ணீருக்குக் கீழே பாரதியும் மேனகாவும் நனைந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தமலைக்குப் போவதாக மேனகா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிப்பிரியா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன்னோடு இருக்கும்போது மேனகா ஒருமுறைகூட அப்படிக் கண்ணை மூடிச் சிரித்ததில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மேனகா மலையில் இருப்பாள் என்று தெரிந்தே, கடை சிம்மிலிருந்து அந்த நாற்பத்திரண்டு நொடிகளைக் காளியனின் எண்ணுக்கு அனுப்பினாள். 'அப்பாவிடம் மாட்டிக்கொள்வாள், அழுவாள், நேராக என்னிடம் வருவாள்' என்பதுதான் கணக்கு.

பள்ளி திறந்தது. மேனகா வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. போனும் எடுக்கவில்லை. பாரதிதான் சுகுணா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். குசுகுசு பக்கத்தை மிஸ்ஸின் போனிலேயே திறந்து காட்டினாள்.

மிஸ் கவிப்பிரியாவைக் கூப்பிட்டாள். "மலைக்கு ஆள் விட்டு விசாரிச்சேன். ஏதோ நம்பர்லேர்ந்து அவங்கப்பாவுக்கு ஆடியோ வந்திருக்குதாம். அந்த நம்பர் அவங்க போன்ல இருக்கும். மேனகா வந்து ஒரு புகார் எழுதிக் குடுத்தா போதும், சைபர் கிரைம்ல ரெண்டே நாள்ல ஆளப் புடிச்சிடுவாங்க. ஆனா அவ வரணும். அவளோ அவங்க வூட்டுலயோ எழுதிக் குடுக்காம நான் ஒண்ணும் பண்ண முடியாது. உனக்குத்தான் அவ நெருக்கம். நீ சொன்னா கேப்பா. சனிக்கிழமை போய்க் கூட்டிட்டு வந்துடுவோம்."

அந்த எண் அப்பாவின் கடைப் பெயரில் இருந்தது.

"சரிங்க மிஸ்" என்றாள்.

சனிக்கிழமை சித்தேரி பஸ்ஸில் போனார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நொச்சிவளவுக்கு நான்கு கிலோமீட்டர் ஏற்றம். மிஸ்ஸுக்கு முழங்கால் வலி. "நான் இந்த டீக்கடையில இருக்கேன். மூணு மணி பஸ்ஸுக்குள்ள அவளக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். மேனகாவின் அம்மா கருப்பி கீழே இறங்கிவந்து காத்திருந்தாள். கவிப்பிரியாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் வந்தியே பாப்பா."

வழியில் கருப்பி நடந்ததைச் சொன்னாள். கேட்காமலேயே சொன்னாள்.

"அன்னிக்குப் பாறையில முப்பது பேரு இருந்தாங்க. குடகுலருந்து பண்டிகைக்கு வந்தவங்களும் இருந்தாங்க. தெரியாத நம்பருதான். அமுக்கினதும் இவ கொரலு கேட்டுச்சு. இவரு போனத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு, 'எம் மவ பேசுது, எல்லாரும் சத்தம் போடாம கேளுங்க'ன்னாரு."

கருப்பி நின்று மூச்சு வாங்கினாள்.

"முழுசும் ஓடிச்சு பாப்பா. அவருக்கு நிறுத்தத் தெரியல. கைய எறக்கவும் தெரியல."

"மேனகா எங்க இருந்தா?"

"அங்கதான், அவருக்குப் பக்கத்துல."

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்கக் கவிப்பிரியாவுக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

மேனகா வீட்டுக்குப் பின்னால் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கவிப்பிரியாவைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள், ஆனால் அழவில்லை. அது கவிப்பிரியாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் ஏறிவந்திருக்கிறேனே என்று தோன்றியது.

காளியன் வந்து கவிப்பிரியாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு மகளிடம் திரும்பி, "கூட வந்தவங்களுக்குச் சோறு போடுங்க. நீங்களும் சாப்புடுங்க" என்றார். பஞ்சாயத்து ஆபீசரிடம் பேசுவது போன்ற குரல். சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தியா?" என்றாள் மேனகா. "அன்னியிலருந்து இப்படித்தான். அடிச்சிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். வாங்க, போங்கங்கறாரு. நான் யாரோங்கற மாதிரி."

இரண்டு பேரும் வேலியோரம் உட்கார்ந்தார்கள். மேனகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஆடியோவ நான் உனக்கு மட்டுந்தான் அனுப்பினேன்."

கவிப்பிரியா வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தாள்.

"அதான் எனக்குப் புரியல" என்றாள் மேனகா. "நீ அனுப்பமாட்டே. அது எனக்குத் தெரியும். அப்ப எப்படிடி வெளிய போச்சு?"

நீ அனுப்பமாட்டே. அந்த வார்த்தையின் மேலேயே காலை வைத்துக் கவிப்பிரியா ஏறினாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கே ஆச்சரியமாக, கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது.

"எங்கிட்ட கோவிச்சுக்காத. இத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அன்னிக்கு லேப்ல பாரதி என் போன வாங்கினா. அம்மாவுக்குப் பேசணும்னா. அர மணி நேரம் வச்சிருந்தா."

"பாரதியா?"

"ம்."

"என்னயத் தீர்த்தமலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாளே. அவங்கம்மா எனக்குத் தல துவட்டி விட்டாங்கடி."

"அதுக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கா. அங்க எடுத்த போட்டோவ வச்சு என்னென்ன போட்டிருக்காங்க தெரியுமா? அந்தப் பக்கமே அவளுதுதான். இப்ப மிஸ்கிட்ட நல்லவ மாதிரி நடிக்கறா."

அப்போதுதான் மேனகா உடைந்தாள். கவிப்பிரியாவின் தோளில் சாய்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, உடம்பு முழுக்கக் குலுங்க அழுதாள். கவிப்பிரியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவரைப் பூவில் வண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் இதமாக இருந்தது. இந்த மத்தியானம் முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"வெசாழக்கெழம ஜீப்பு போகுது குடகுக்கு" என்றாள் மேனகா, அழுகை ஓய்ந்ததும். "அத்த போகுது. கூட வந்துடு, மொளகு பறிக்கலாங்குது. அங்க யாருக்கும் என்னயத் தெரியாது. ஆனா போயிட்டா அப்புறம் படிப்பு இல்ல. எனக்கு ரெண்டு மனசா இருக்குடி. நீ சொல்லு. மிஸ் சொன்னாலும் நம்பமாட்டேன், எங்கம்மா சொன்னாலும் நம்பமாட்டேன். நீ வான்னா இப்பவே பைய எடுத்துட்டு வர்றேன்."

கவிப்பிரியா அவளைப் பார்த்தாள். வா என்று ஒரு சொல். சொன்னால் மூன்று மணி பஸ்ஸில் மூன்று பேரும் இறங்குவார்கள். திங்கட்கிழமை புகார் எழுதுவார்கள். புதன்கிழமை போலீஸ் உரக்கடை வாசலில் நிற்கும். அண்ணன் முன்னால், அப்பா அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்ப்பார்.

"வராதடி" என்றாள்.

மேனகா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஆடியோ இப்ப ஸ்கூல் முழுக்க இருக்கு. பாய்ஸ் ஸ்கூல்லயும் ரிங்டோனா வச்சிருக்காங்க. நீ கேட்டுக்குள்ள வந்தா 'மாடு மேய்க்கறவரு வந்திருக்காரு'ன்னு கத்தறதுக்குத் தயாரா இருக்காங்க. நான் ஒருத்தி எத்தன பேர்கிட்ட சண்ட போடுவேன்?"

அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அந்தக் குரலைப் பள்ளியில் அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை.

மேனகா தலையசைத்தாள். "உண்மையச் சொல்றதுக்கு நீ ஒருத்திதான் இருக்க" என்றாள்.

ஊர் எல்லையில் காளியன் மாட்டோடு நின்றிருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"கண்ணு, கூட்டிட்டுப் போகலையா?"

"இல்லைங்க."

"நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல கண்ணு. சின்னப் புள்ள, நாலு பேரு முன்னால வெக்கப்பட்டிருக்கும். நானும் சேத்துக் காலோடவா போயி நிப்பேன். மொத நாளு கோவத்துல வாங்க போங்கன்னுட்டேன். இப்ப மாத்தலாம்னா வாயி வரமாட்டேங்குது. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல." அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். "நீ சொல்லிப் பாரு. அப்பன் படிக்கச் சொல்றான்னு சொல்லு. நான் சொன்னதா சொல்லு. நான் வேணும்னா இனிமே ஆஸ்டல் பக்கமே வரல."

ஐம்பது அடி தூரத்தில் மேனகா மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்கிற சத்தம் கேட்டது. அவரே போய்ச் சொல்லியிருக்கலாம். கவிப்பிரியா திரும்பி நடந்து போயும் சொல்லியிருக்கலாம்.

"சொன்னேங்க. அவளுக்குத்தான் இஷ்டம் இல்ல" என்றாள். "அப்பா மூஞ்சியில முழிக்கவே புடிக்கல, குடகுக்கே போறேன்னு ஒரே புடிவாதம். நீங்க போய்க் கேட்டா இன்னும் மோசமாயிடும். விட்டுடுங்க."

காளியன் தலையைத் தலையை ஆட்டினார். "சரி கண்ணு. பாத்து எறங்கு, சறுக்கும்" என்றார்.

டீக்கடையில் சுகுணா மிஸ் எழுந்து நின்றாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தாள்.

"அவங்கப்பா விடமாட்டேங்கறாரு மிஸ். ரொம்பக் கோவமா இருக்காரு. போலீசு, புகாருன்னு ஊருக்குள்ள வந்தா நடக்கறதே வேறங்கறாரு."

மிஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது ஒருமுறை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயாவது அவளோட கடைசிவரைக்கும் நின்னியே" என்றாள். கவிப்பிரியா ஜன்னல் பக்கம் பார்த்தபடி தலையசைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டாம் பிரிவேளை வேதியியல். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. கவிப்பிரியா சாப்பாட்டுப் பைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். மிஸ் கரும்பலகை பக்கம் திரும்பியபோது பை அதிர்ந்தது. மடியில் வைத்துப் பார்த்தாள். மேனகா.

"ஜீப்பு அரூர்ல நிக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. டயர் பாக்கறாங்க. பத்து நிமிஷம் ஆகுமாம். வர்றியா? ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தால் ஐந்து நிமிஷம். வயிற்று வலி என்று கையைத் தூக்கினால் மிஸ் விட்டுவிடுவாள்.

மறுபடி அதிர்ந்தது. "வர்றியாடி?"

கவிப்பிரியா அசையவில்லை. ஒவ்வொரு அதிர்வும் தொடையில் பட்டு உடம்பெங்கும் ஓடியது. ஒருத்தி இவ்வளவு தவித்து அவளை அழைக்கிறாள். பதில் போட்டால் இது நின்றுவிடும்.

"டயர் மாட்டிட்டாங்க. இன்னும் கொஞ்சம் நேரந்தான்."

"கவி."

"எல்லாரும் ஏறிட்டாங்க. நான் மட்டும் கீழ நிக்கறேன்."

பிறகு ஒரு குரல் செய்தி, மூன்று நொடி. அதை அவளால் வகுப்பில் கேட்க முடியாது. அதன் பிறகு பை அசையவே இல்லை. கவிப்பிரியா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வெளியே சேலம் ரோட்டில் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

மிஸ் கரும்பலகையில் பாதியை அழித்துவிட்டு அடுத்த சமன்பாட்டைத் தொடங்கியிருந்தாள். கவிப்பிரியாவின் நோட்டில் ஐந்தாறு வரிகள் விட்டுப்போயிருந்தன. எட்டிப் பார்த்தாள். முன் பெஞ்சில் பாரதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது, ராத்திரி அழுதிருப்பாள் போல.

கவிப்பிரியா பேனாவின் பின்பக்கத்தால் அவள் தோளை மெல்லத் தொட்டாள்.

"என்னாச்சுடி உனக்கு?" என்றாள் கனிவாக. "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு."